சிங்கத்துக்கு எதற்குச் சட்டை

ஜூன் 3, செவ்வாய்

திண்டுக்கல் மலைக்கோட்டை சாட்சியாகச் சத்தியம் செய்கிறேன்: சோலைமலையாகிய நான் இன்று முதல் எழுதப்போகும் கதையை ஒருத்தரும் நம்பப்போவதில்லை. நம்புகிறவர்களுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும்.

என் அக்காள் மகன் பிரபுவின் கார் என்ஜினைப் பிரித்துப் புதிதாகச் சேர்க்கிறார்கள். போன மாதம் வேடசந்தூர் ரோட்டில் அதன் டைமிங் பெல்ட் அறுந்த சத்தத்தில், பழனியில் மொட்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் பாதித் தலையோடு எழுந்து ஓடினார்கள். தங்கச்சி கல்யாணத்துக்குப் புறப்பட்ட அவன் பொண்டாட்டி கௌசல்யா, பட்டுப்புடவையோடு தக்காளி லாரியில் ஏறிப் போய்ச் சேர்ந்தாள். போனவள் ஒட்டன்சத்திரத்தில் அப்பா வீட்டிலேயே தங்கிவிட்டாள். வரும் திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டுக்குள் அதே கார் அவள் வாசலில் வந்து நிற்க வேண்டுமாம். "பஸ்ஸுல வந்தீங்கன்னா அதே பஸ்ஸுல திரும்பிப் போயிருங்க" என்றாளாம் போனில்.

பிரபு அழுதான். ஆறுதல் சொன்னேன்: "அழாத அப்பு, கண்ணீரு பட்டா என்ஜினு துருப்பிடிச்சிரும்."

ஜூன் 5, வியாழன்

மெக்கானிக் ஃபயாஸின் ஷெட்டில் மகாநாடு. பெல்ட்டின் மேல் மாட்டும் பிளாஸ்டிக் கவர் வேண்டுமா, வேண்டாமா?

"மாட்டணும்ணே. மண்ணு, கல்லு, துணி, கை, எது பட்டாலும் பெல்ட்டு பல்லு தாவிரும். வால்வெல்லாம் வளைஞ்சிரும்" என்றான் ஃபயாஸ்.

"மாட்டிருவோம் மாமா" என்றான் பிரபு.

நான் எழுந்தேன். "போன தடவ பெல்ட்டு நைஞ்சது ஏன்டா தெரியல? இந்த மூடி மறைச்சிருச்சு. தொறந்து போட்டா தெனமும் பாக்கலாம்ல? சிங்கம் சட்டை போட்டு எவன்டா பாத்திருக்கான்?"

"கை உள்ள போயிரும்ணே."

"கைக்குப் பக்கத்துலதான கண்ணு இருக்கு?"

ஷெட்டே சிரித்தது, பிரபுவைத் தவிர. "பொண்டாட்டி இல்லாதவன் மூஞ்சில சிரிப்பு எப்படி வரும்?" என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

ஜூன் 7, சனி

கவரைக் காணோமாம்! ஷெட்டையே தலைகீழாகப் புரட்டுகிறார்கள். அதுவோ என் புண்ணியத்தில், நாங்களெல்லாம் குடியிருக்கும் அக்கா வீட்டு மாடியில், கோழிகளுக்குக் கம்பு வைக்கும் தட்டாகப் பதவி உயர்வு பெற்றிருக்கிறது.

மதுரையில் போய் வேறு வாங்கி வரட்டுமா என்றான் பிரபு. "ஒட்டன்சத்திரம் போய்ட்டு வர ஒரு நாளு ஓடாதா? பெறகு மாட்டிக்கலாம்டா." தலையாட்டினான். அவன் தலையாட்டுவதைப் பார்க்கத்தான் ஆண்டவன் எனக்கு இரண்டு கண்ணைக் கொடுத்திருக்கிறான்.

ஜூன் 9, திங்கள்

காலை. நாலு முழம் மல்லிகை வாங்கிவிட்டேன். சிங்கத்துக்கு மாலை மரியாதை.

ஜூன் 11, புதன்

இடது கை எழுத்து. ஆஸ்பத்திரி.

என்னத்தச் சொல்ல. தேங்கா ஒடைச்சாச்சு, எலுமிச்சம்பழம் வீலுக்கடியில வச்சாச்சு. என்ஜினு ஓடுது. பானெட்டத் தொறந்து, தாங்கு கம்பியில மல்லியச் சுத்தினேன். தெருவே நிக்குது. "பாருங்கப்பா, சட்டையில்லாத சிங்கம்!"னு விரல நீட்டினேன். சரத்தோட நுனி பெல்ட்டுல மாட்டுச்சு. நான் இழுத்தேன். அது என்னைய இழுத்துச்சு.

என்ஜினு ஒரு விக்கு விக்கி நின்னுபோச்சு. பிரபு ஓடிவந்து குனிஞ்சு பாத்தான். என்னைய இல்ல! "ஃபயாஸண்ணே, பல்லு தாவிருச்சா?"ன்னு கத்துறான். நான் ரத்தத்தோட நிக்கேன்!

தாவிருச்சு. வால்வும் வளைஞ்சிருச்சு. என்னைய ஆட்டோவுலதான் கொண்டுவந்தாக. ஒட்டன்சத்திரத்துல சாப்பாடு ஆறியிருக்கும்.

ஜூன் 13, வெள்ளி

அக்கா வந்தாள். கம்பு ஒட்டியிருந்த அந்தக் கவரை மடியில் வைத்து, அதிலேயே பன்னைப் பிய்த்துப் போட்டாள். "தின்னுடா தம்பி. கோழி தின்ன தட்டு ஒனக்குப் போதும்." பிரபு கவரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏசியிருந்தால் தேவலை.

சாயங்காலம் கௌசல்யா வந்தாள். பஸ்ஸில்தான்.

"ஏனுங்க பெரியப்பா, உங்க விரலு இப்பத்தான் மொதத் தடவையா ஒரு வேலை பாத்திருக்குதுங்க" என்றாள். பிறகு புருசனிடம்: "காரு மெதுவா ரெடியாகட்டுங்க. இவரு அந்த வீட்டுல இருந்தா நான் வரமாட்டேன்."

இந்த முறையும் பிரபு தலையாட்டினான்.

ஜூன் 29, ஞாயிறு

சின்னாளபட்டியில் தனி அறை. அக்கா வீட்டில் என் கட்டில் கிடந்த இடத்தில் கௌசல்யாவின் தையல் மிஷின்.

இன்று டீக்கடை வாசலில் அந்தக் கார் வந்து நின்றது. முன்சீட்டில் கௌசல்யா. பிரபு இறங்கிப் பானெட்டைத் திறந்தான். பெல்ட்டின் மேல் கவர். அதில் வெள்ளைப் பெயிண்டில் கொட்டை எழுத்து: 'மாமா ஜாக்கிரதை'.

என் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தான். "கண்ணு பக்கத்துலதான இருந்துச்சு மாமா?"

கடையே சிரித்தது. அவனும் சிரித்தான். நன்றாகத்தான் சிரிக்கிறான்.

கார் போன பிறகு, விரல் எப்படிப் போனது என்று டீ மாஸ்டர் கேட்டார். சிறுமலையில் சிங்கம் கடித்தது என்றேன். நம்பவில்லை. என் சத்தியம் பலித்துவிட்டது.

மொட்டை, லாரி, சிங்கம் எல்லாம் என் சரக்கு என்றே வைத்துக்கொள்ளட்டும். இந்தக் கதையில் ஒரே ஒரு சின்னத் துண்டு மட்டும் உண்மை. அது இப்போது என்னிடம் இல்லை.