தண்ணி போற பக்கம் பாத்து நில்லுங்க

என் கண்ணு டாக்டர் செல்விக்கு,

நீ கேட்டால் சிரிப்பாய், அதனால் முதலில் இதைச் சொல்கிறேன். சரோஜா அம்மா உன்னைத் தேடுகிறார். ஆமாம், பண்ணைவீட்டு சரோஜா அம்மாதான்.

ஆம்புலன்ஸ் ஏன் தாமதமாகிறது, ஹெலிகாப்டர் வந்தால் நம் வயல்காட்டுக்குச் சரிப்படுமா என்று ஆராய வந்தவள் நீ. மாதக்கணக்கில் வண்டியிலேயே சுற்றிவிட்டு வந்து சொன்னாய்: “சித்தப்பா, வேகத்துல குறை இல்ல. எல்லாரும் ‘வாய்க்காலுக்கு இந்தக் கரை’ங்கிறாங்க. போன்ல எது இந்தக் கரை? ஹெலிகாப்டரே வந்தாலும் தப்புக் கரையிலதான் எறங்கும்.”

தப்புக் கரைக்குப் போன வண்டி பாலம் வரை போய்த் திரும்ப வேண்டும். அதற்குத்தான் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்கு அந்த ஒரு கேள்வியை எழுதிக் கொடுத்தாய்: தண்ணீர் போகும் பக்கம் பார்த்து நின்றால், உங்கள் வீடு எந்தக் கைப்பக்கம்?

எந்த வீடு எந்தக் கரை, என்ன அடையாளம் என்று வீடுவீடாகப் பட்டியலும் எடுத்தாய். வலக்கரையில், நம் தெருவில், ஒரே நாளில் முடிந்தது. இடக்கரையில் வாசலோடு நிறுத்தினார்கள். உன் அப்பா ராமையன் குத்தகை நிலத்துக்காக அந்தக் குடும்பங்களோடு மல்லுக்கட்டியவர். அந்தப் போராட்டத்தைச் செய்தியாக்கப் போய்த்தான் நான் அவருக்குத் தம்பியானேன். சரோஜா அம்மாவின் கணவர் நடராஜன் உன்னைக் கேட்டது நினைவிருக்கிறதா? “உன் அப்பன் நெலத்தக் கேட்டான். நீ வெலாசத்தக் கேக்குறியா?” பாதிப் பட்டியலோடு நீ உலகை விட்டே போய்விட்டாய்.

போன வைகாசியில் அந்த நடராஜன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். சரோஜா அம்மா போன் செய்தார். கட்டுப்பாட்டு அறைப் பெண் உன் கேள்வியைக் கேட்டாள்.

“மனுஷன் கெடக்குறாரு, என்னைய வாய்க்காலப் பாக்கச் சொல்றியா? தண்ணியே இல்லடி அதுல.”

“மேட்டூர் தொறந்தா எங்கேருந்து வரும்மா?”

“மேக்கேருந்துதான். இது தெரியாதா? எங்க வீடு எடக்கைப் பக்கம், வேப்பமரத்து வீடு.”

வண்டி நேராக வாசலில் வந்து நின்றது. இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றாராம் மருத்துவர். இப்போது அவர் உப்பில்லாத சாம்பாரைத் திட்டிக்கொண்டே நடைப்பயிற்சி போகிறார்.

நேற்று சரோஜா அம்மா என்னை வழிமறித்தார். “அந்தக் கேள்விய எழுதுனது ராமையன் மவளாமே? அன்னிக்கு அந்தப் புள்ளைய உள்ள கூப்புடக்கூட இல்ல. அந்த ஃபாரம் இன்னும் இருக்கா? நானே எங்க தெரு முழுக்கக் கூட்டிட்டுப் போறேன்.”

இதைக் கேட்க நீ இருந்திருக்க வேண்டாமா?

திங்கட்கிழமை போகிறோம். நாற்பது வருடம் அடுத்தவர் சொன்னதைப் பிழையில்லாமல் எழுதியவன் நான். இடக்கரையில் ஒரு வீடு விடாமல் எழுதி, ஆய்வை உன் பெயரிலேயே கட்டுப்பாட்டு அறையில் கொடுத்துவிட்டு வருவேன்.

இரண்டு கரைக்கும் பொதுவான,
உன் சித்தப்பா