பாஸ்வேர்ட் போடும்போது முகத்தைத் திருப்பவும்

பெப்ரவரி 2, ஞாயிறு

இந்த வார லினக்ஸ் குறிப்பை 'யசோதினி டீச்சர்' என்ற என் முகநூல் பக்கத்தில் போட்டாயிற்று. எண்பத்தேழாவது. தலைப்பு: பாஸ்வேர்ட் வைக்கப் பத்து ஆலோசனைகள். இருநூற்றுப் பதினான்கு பேர் பின்தொடர்கிறார்கள். அதில் என் கணவர் றமணனும் ஒருவர். கட்டின பாவத்துக்கு லைக் போடுவார், வாசிக்க மாட்டார்.

நப்லா வாசிப்பாள். வத்தேகமப் பள்ளிக்கூடத்தில் என்னோடு படிப்பிக்கிறாள். நான் கணினி, அவள் விஞ்ஞானம். திகனயிலிருந்து பஸ்ஸில் வருவாள், என் வயதுதான். போன வருடம் அவளுடைய பழைய லெப்டொப்பில் விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தது நான். டிஸ்க் முழுவதையும் பாஸ்வேர்ட் இல்லாமல் திறக்க முடியாதபடி பூட்டியும் கொடுத்தேன். அவளுக்கு அது தேவை. கல்விமுதுமாணிப் பட்ட ஆய்வுக்காகத் தேயிலைத் தோட்டத்து அம்மாமார் முப்பத்தெட்டுப் பேரிடம், மகளை ஏன் படிப்பிலிருந்து நிறுத்தினீர்கள் என்று கேட்டுப் பதிவு செய்து வைத்திருக்கிறாள். பெயர் வெளியில் வராது என்று ஒவ்வொருவருக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறாள். மார்ச் 7 ஆம் திகதி ஒப்படைக்க வேண்டும். இரண்டு தவணை வாங்கியாயிற்று, மூன்றாவது கிடையாது.

பெப்ரவரி 5, புதன்

"டீச்சர், நீங்க எழுதின மாதிரியே பாஸ்வேர்ட மாத்திட்டேன்" என்றாள் நப்லா. என்னவென்று சொல்லவில்லை. ஆலோசனை மூன்று: யாரிடமும் எதுவும் சொல்லாதீர்கள், எனக்கும் கூட. இருநூற்றுப் பதினான்கில் ஒருத்தியாவது ஒழுங்காகக் கேட்கிறாளே! நாள் முழுக்க எனக்கு ஒரே பெருமை.

பெப்ரவரி 13, வியாழன்

மூன்றாம் பாடத்தில் கரண்ட் போனது. நப்லாவின் லெப்டொப்பும் சேர்ந்து போனது, அதன் பேட்டரி செத்து இரண்டு வருடம். அவள் லெப்டொப்பை ஒருநாளும் அணைப்பதில்லை. ஆசிரியர் அறையிலேயே வயர் செருகியபடி கிடக்கும், மூடுவாள், திறப்பாள், அவ்வளவுதான். டிஸ்க்கின் பாஸ்வேர்ட்டை அணைந்து எழும்பினால்தான் கேட்கும், மாற்றியதை இன்றுதான் முதல்முறை கேட்டது.

ஏற்கவில்லை. பதினொரு தரம் போட்டாள். ஆலோசனை நான்கின்படி ஒவ்வொரு தரமும் நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"பேக்அப் இருக்குதானே டீச்சர்?" என்று கேட்டேன்.

"ஈக்கி. நீங்க சொன்ன மாதிரியே மூணு கொப்பி."

"எங்க?"

"லெப்டொப்லதான். மூணு ஃபோல்டர்ல."

ஐயோ! வீட்டுக்கு வந்ததும் ஐம்பத்திரண்டாவது குறிப்பை எடுத்துப் பார்த்தேன். "எதையும் மூன்று பிரதியாக வைத்திருங்கள்" என்று கம்பீரமாக எழுதியிருக்கிறேன். எங்கே வைக்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை. முதல் இரண்டு அத்தியாயம் அவளுடைய மேற்பார்வையாளரிடம் இருக்கிறதாம். மிச்சமெல்லாம் உள்ளே.

பெப்ரவரி 16, ஞாயிறு

எண்பத்தொன்பதாவது குறிப்பு: மறதி என்ற பெரிய ஆபத்து. "எனக்குத் தெரிந்த ஒருவர் அண்மையில் தன் பாஸ்வேர்ட்டையே மறந்துவிட்டார்" என்று தொடங்கினேன். நாற்பத்தொரு லைக். என் சரித்திரத்திலேயே அதிகம்.

பெப்ரவரி 17, திங்கள்

"அந்த ஒருவர் நான்தானே டீச்சர்?"

ஆசிரியர் அறையில், எல்லாருக்கும் முன்னால் கேட்டாள். பெயர் போடவில்லையே என்றேன்.

"நான் மறக்கல்ல. ஒவ்வொரு தொழுகைக்குப் பொறகும் மனசுக்குள்ள சொல்லிப் பாக்குறேன். எழுத்து ஒண்டும் பிசகல்ல."

அதற்கு நான் சொன்னதை இங்கேயாவது உள்ளபடி எழுத வேண்டும். "நாப்பத்திரெண்டு வயசாச்சே டீச்சர், நமக்கெல்லாம் மறதி வரத்தான் செய்யும்." தேன் மாதிரிக் குரலில் சொன்னேன். அவள் லெப்டொப்பை மூடினாள், பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டாள்.

பெப்ரவரி 20, வியாழன்

இடைவேளையில் தனியாகத் தேத்தண்ணி குடித்தேன். நேற்றும்தான்.

பெப்ரவரி 23, ஞாயிறு

குறிப்பு எழுத மனம் வரவில்லை. றமணனிடம் சொன்னேன்.

"நீர் சொல்லித்தானே அவ பூட்டினவ? திறக்கிற வழியையும் நீர்தான் பாக்க வேணும்."

உலகத்தில் எவராலும் உடைக்க முடியாது, அதுதான் அதன் பெருமை என்று விளக்கினேன்.

"அப்ப பெருமையை வைச்சுக்கொண்டு இரும்" என்று எழும்பிப் போய்விட்டார். யாழ்ப்பாணத்து ஆட்களோடு நியாயம் பேசி வெல்ல முடியாது.

பெப்ரவரி 27, வியாழன்

இன்னும் எட்டு நாள். கடைசியாக ஒருமுறை போட்டுப் பாருங்கள் என்று நானே போய்க் கெஞ்சினேன். முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தாள். நான் வழக்கப்படி திரும்பிக்கொண்டேன். ஆனால் இன்று இருந்தது மற்ற மேசையில். எதிரே கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரி.

வேண்டுமென்று பார்க்கவில்லை. பட்டுவிட்டது. இரண்டு கையாலும் மழை பெய்வதுபோல் இங்கிலீஷ் அடிக்கிற நப்லா, ஒற்றை விரலால் தேடித் தேடிக் குத்திக்கொண்டிருந்தாள். விசைகளில் ஒட்டியிருக்கும் தமிழ் ஸ்டிக்கர்களைப் பார்த்து.

தமிழில்! தமிழிலா வைத்தாள்? எந்த மடையன் சொன்னான்?

வீட்டுக்கு வந்து எண்பத்தேழாவது குறிப்பைத் திறந்தேன். ஆலோசனை ஏழு: "தமிழிலேயே வையுங்கள்! எந்த நாட்டுத் திருடனாலும் ஊகிக்க முடியாது!" இரண்டு ஆச்சரியக்குறி. மடையன் இல்லை, மடைச்சி.

டிஸ்க் திறக்கும்வரை லெப்டொப்புக்கு இங்கிலீஷ் விசைப்பலகை மட்டும்தான் தெரியும். தமிழ் வருவது திறந்த பிறகு. அவள் "ய" என்று அழுத்த, உள்ளே ஏதோ ஒரு இங்கிலீஷ் எழுத்துப் போயிருக்கிறது. திரையில் எதை அடித்தாலும் புள்ளிதான் வரும், அவளுக்கு எப்படித் தெரியும்? ஒரேயொரு தடவை பண்பில்லாமல் எட்டிப் பார்த்திருந்தால் பதின்மூன்றாம் திகதியே முடிந்திருக்கும்.

எழுதுவதற்கு முன் நான் செய்து பார்த்தேனா? இல்லை. என்னுடைய பாஸ்வேர்ட் இங்கிலீஷில் இருக்கிறது. என்னுடைய டிஸ்க்கை நான் பூட்டவேயில்லை. எதற்கு வீண் தொல்லை என்று விட்டுவிட்டேன். ஊருக்குத்தான் உபதேசம்.

பெப்ரவரி 28, வெள்ளி

பென் டிரைவில் வேறொரு லினக்ஸைப் போட்டுக்கொண்டு போனேன். அதிலிருந்து லெப்டொப்பை எழுப்பினால் தமிழ் விசைப்பலகை முதலிலேயே வந்துவிடும். வழி இவ்வளவுதான், அரை மணித்தியாலம் போதும். பஸ்ஸில் போகும்போதே என்ன சொல்வது என்றும் தீர்மானித்துவிட்டேன்: "லினக்ஸ்ல ஒரு சின்னக் கோளாறு, கண்டுபிடிச்சுட்டேன்." பொய் இல்லை, பாருங்கள். என்னை விட்டுவிட்டால் மிச்சமெல்லாம் உண்மை.

அப்படியே சொன்னேன். நப்லா தலையை ஆட்டினாள். தமிழ் சரியாக விழுகிறதா என்று பார்க்க வெறும் பக்கம் ஒன்றைத் திறந்து, ஏதாவது அடியுங்கள் என்றேன். ஏதாவது என்றுதான் சொன்னேன். பதினைந்து நாளாக அவள் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது வேறொன்றுமில்லையே, அதைத்தான் அடித்தாள். நான் முகத்தைத் திருப்புவதற்குள் திரையில் விழுந்துவிட்டது.

யசோதினி டீச்சர் சொன்னா சரி

அதுதான் பாஸ்வேர்ட்.

எனக்குக் காது சுட்டது. வெட்கம், அப்படியொரு வெட்கம். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். ஆலோசனை ஏழு, நான் செய்து பார்க்காதது, என் டிஸ்க் திறந்து கிடப்பது, மறதி என்று எழுதி நாற்பத்தொரு லைக் வாங்கியது, எல்லாம். "பிழை எங்கிட்டதான் டீச்சர். நீங்க ஒரு எழுத்துக்கூட மறக்கல" என்றேன்.

அவள் லெப்டொப்பைத் தன் பக்கம் இழுத்தாள். பாஸ்வேர்ட்டைப் போட்டாள், டிஸ்க் திறந்தது. முப்பத்தெட்டு அம்மாமாரும் வரிசையாக இருந்தார்கள். முதல் பதிவைப் போட்டுக் கேட்டாள். யாரோ ஒரு அம்மா, "புள்ளைக்குச் சட்ட இல்லீங்க டீச்சர், அதான் நிப்பாட்டினேன்" என்கிறார். நப்லா மேசையில் தலையை வைத்து அழுதாள். தொடலாமா என்று தெரியாமல் பக்கத்தில் நின்றேன்.

மார்ச் 2, ஞாயிறு

தொண்ணூறாவது குறிப்பு. "ஆலோசனை ஏழு பிழை. டிஸ்க்கைப் பூட்டுகிற பாஸ்வேர்ட்டைத் தமிழில் வைக்காதீர்கள். பிரதிகளில் ஒன்றாவது வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். மறந்தவர் என்று நான் எழுதியவர் எதையும் மறக்கவில்லை. மறைமுகமாக அவரை அவமானப்படுத்திய நான்தான் செய்து பார்க்காமல் எழுதினேன்."

மூன்று லைக். ஒன்று றமணன். இம்முறை வாசித்திருக்கிறார். "ஓம், இது நல்லா இருக்கு" என்றார்.

மார்ச் 7, வெள்ளி

ஒப்படைத்துவிட்டாள். நோன்போடு போய், வரிசையில் நின்று, மூன்றரை மணிக்குக் கொடுத்தாளாம். எனக்குச் செய்தி அனுப்பவில்லை. மற்ற டீச்சர்மார் பேசிக்கொண்டதில் கேட்டேன்.

மார்ச் 10, திங்கள்

நப்லா என் மேசைக்கு வந்தாள். இரண்டு பென் டிரைவில் பேக்அப் எடுத்து, ஒன்றை உம்மா வீட்டில் வைத்துவிட்டாளாம். பாஸ்வேர்ட்டையும் மாற்றிவிட்டாளாம், மாற்றியவுடனே அணைத்துப்போட்டு, திறக்கிறதா என்று பார்த்தாளாம். அதை நான் எந்தக் குறிப்பிலும் எழுதியதில்லை. சரியாகச் செய்தீர்கள் என்றேன்.

"இங்கிலீஷ்லதான் போட்டேன். இந்த மொற அதுல நீங்க இல்ல டீச்சர்" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது.