குறை சொன்ன பூச்சிகள்

நாள் 61, வெள்ளி, காலை 7.10
நிலவின் தென்துருவ நிலையம். ஆட்கள் இருவர்: ஆய்வாளர் வள்ளிமயிலாகிய நான், மெக்கானிக் ஜெபசிங். சுவர்களில் ஊர்ந்து காற்றுக்கசிவு தேடும் நாற்பது குட்டி எந்திரங்களைப் பூச்சி என்போம். அலாரம் அதிகம் என்று பூமியில் முகம் சுளிக்கிறார்கள். இனி வெள்ளிதோறும், வீடு கழுவுவது போல ஒரு வேலை: அதிகம் அலறிய பத்தின் நிரலை அழித்து, மற்றவற்றின் நகலைப் போடுவேன். தொணதொணப்பு எனக்கு ஆகாது.

நாள் 89, வெள்ளி, காலை 7.05
நாலே தலைமுறையில் அலாரம் பாதியாகிவிட்டது. பரிணாமம் கண்ணெதிரே நடக்கிறது என்று பூமிக்கு எழுதினேன். பெருமையாக இருந்தது. ஜெபசிங் மட்டும் மூன்றாவது முறையாகக் கூப்பிட்டார்.
“மேடம், கிழக்கு ரூம் வெளிக்கதவு ரப்பர் வெடிச்ச மாதிரி தெரியுது.”
“எதுக்கெடுத்தாலும் குறை சொல்லாதீங்க. பூச்சி ஒண்ணுகூட சொல்லலையே?”

நாள் 117, வெள்ளி, காலை 7.00
அலாரமே இல்லை. ஜெபசிங்கும் கூப்பிடுவதில்லை. நிம்மதி.

நாள் 124, வெள்ளி, மதியம் 2.40
கிழக்கு அறையில் காற்று போகிறது. உள்கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. உள்ளே ஜெபசிங், ரேடியோவில் பேசுகிறார். அவருடைய விண்ணுடை என் பக்கம் தொங்குகிறது.
“ரப்பர் போயிருச்சு மேடம். ஒரு வாரமாவே சத்தம் கேட்டுச்சு.”
“ஏன் சொல்லல?”
“மறுபடியும் திட்டுவீங்கன்னுதான் மேடம்.”

மாலை 4.15
கதவு அசையவே இல்லை. ஜெபசிங் இறந்துவிட்டார்.
பதிவுகளைப் பார்த்தேன். அந்த வெடிப்பின் மேல் பதினோரு பூச்சிகள் ஊர்ந்திருக்கின்றன. எதுவும் வாய் திறக்கவில்லை. வாய் திறந்தவற்றைத்தான் நான் வாராவாரம் அழித்தேனே. பேசாமலிருக்கப் பூச்சிகளுக்கு ஒன்பது தலைமுறை தேவைப்பட்டது. அவருக்கு மூன்று திட்டு போதுமாயிருந்தது. இரு தரப்புக்கும் பாடம் நடத்தியவள் நான். நான்தான் கொன்றேன்.

மாலை 5.30
எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதுவதற்குள் பூமியிலிருந்து செய்தி:
“அலாரமே இல்லாத முதல் நிலையம் உங்களுடையது. வாழ்த்துகள். உங்கள் பூச்சிகளின் நிரலைப் போன வாரமே மற்ற ஆறு நிலையங்களிலும் ஏற்றிவிட்டோம்.”
ஜெபசிங் இறந்ததையும் அதன் காரணத்தையும் எழுதி, அந்த நிரலை அழியுங்கள், உடனே அழியுங்கள் என்று அனுப்பினேன்.

மாலை 6.20
மலையேறும்போது போலக் காது அடைக்கிறது. என் அறைச் சுவரில் நாலு பூச்சிகள் சத்தமில்லாமல் ஊர்கின்றன.
பதில் வந்தது:
“ஜெபசிங்குக்கு எங்கள் அஞ்சலி. பதறாதீர்கள். ஆறு நிலையங்களிலும் பூச்சிகளைக் கேட்டுவிட்டோம். எங்கும் குறை இல்லை.”