இந்த வாரம் எங்கன வழுக்குன?

என் அன்பு ரூபி அக்காவுக்கு,

நீ கர்த்தரிடம் போய் ஒரு வருஷமாகப் போகிறது. அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்பதில்லை. சனிக்கிழமைதோறும் சாயங்காலம் என் வீட்டு அடுக்களையில் வந்து உட்காருவாய். காப்பி வாய்க்குப் போகுமுன்னே ஆரம்பித்துவிடுவாய். "ஏட்டி, இந்த வாரம் எங்கன வழுக்குன?"

நான் சொல்லி முடித்ததும் உன் முறை. பிறகு இருவரும் முழங்காலில் நின்று ஜெபிப்போம். எழுந்ததும், நம் சபைப் பெனினா கீர்த்தனை பாடுவது மாதிரி பாடிக்காட்டிச் சிரிப்போம். அதையும் பாவக் கணக்கில் சேர்த்திருக்க வேண்டுமோ என்னவோ.

அக்கா, நான் வழுக்கினேன்.

எங்கள் அலுவலகத்துக்கு ஒருவர் மாற்றலாகி வந்தார். மனைவி, பிள்ளைகள் மதுரையில். தினமும் காலையில் ஃபோனில் வேதவசனப் படம் அனுப்புவார். வேறு எதையாவது அனுப்பியிருந்தால் அன்றைக்கே வெட்டிவிட்டிருப்பேன். வசனம்தானே என்று ஆமென் போட்டேன். பிறகு வசனத்துக்குக் கீழே "சாப்பிட்டீங்களா?" வந்தது. வீட்டுக்காரரும் இறந்து, மகனும் துபாய்க்குப் போய், நீயும் போன பிறகு அதைக் கேட்க எனக்கு யார் இருந்தார்கள்? பதில் போட்டேன். ஒருநாள் பார்த்தால் வசனம் நின்றுபோய் வெறும் பேச்சுதான் இருந்தது. எப்போது நின்றது என்றுகூடத் தெரியவில்லை.

இதை மனசில் வைத்துக்கொண்டு, போன மாதம் திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்க நான் முன்னால் போகவில்லை. முட்டு வலி என்று பெஞ்சிலேயே இருந்துவிட்டேன். வாசலில் செருப்பு மாட்டும்போது பெனினா பக்கத்தில் வந்தாள்.

"யக்கா, வலி முட்டுலயா, மனசுலயா?"

"ஒன் சோலியப் பாரு."

அவள் முகம் வாடிப்போயிற்று. "இல்ல, ரூபி அக்கா இருந்தா கேட்டிருப்பாவ. அதான் கேட்டேன்."

இன்றைக்குச் சனிக்கிழமை. காலையில் மணிமுத்தாறு அணை வரை காரில் போய்வரலாம், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று அவர் கூப்பிட்டிருந்தார். நானும் புதுச் சேலையைத் தேய்த்து வைத்திருந்தேன். உடுத்தப் போகையில், சாயங்காலம் உன்னிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். நீ இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. பயந்துவிட்டேன். யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை என்றால் நான் எதையும் செய்வேனோ, அக்கா?

வரவில்லை, இனி எதுவும் அனுப்ப வேண்டாம் என்று அவருக்கு எழுதினேன். அவர் எண்ணையும் தடுத்தேன். பிறகு பெனினாவைக் கூப்பிட்டேன்.

சாயங்காலம் வந்தாள். எங்கே உட்காருவது என்று தயங்கினாள். உன் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். உன்னை மாதிரி அவளுக்குத் திட்டத் தெரியவில்லை, அழுதாள். ஜெபித்தாள். பாடவும் செய்தாள்; சுருதி இன்னும் சேரவில்லை. அவளுக்கும் சொல்ல ஒன்று இருந்தது. அதை உன்னிடம்கூட எழுத மாட்டேன்.

இப்போது அவள் போய்விட்டாள். ஃபோன் சும்மா கிடக்கிறது. நான் சாப்பிட்டேனா என்று யாரும் கேட்கவில்லை. அவர் கேட்டால் நன்றாயிருக்குமே என்று இன்னும் மனசு அலைகிறது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

நாளைக்குத் திருவிருந்து. வெறுமையாய்க் கிடக்கும் உன் இடத்தைத் தாண்டித்தான் முன்னால் போக வேண்டும். போவேன் அக்கா. என் முட்டில் ஒரு வலியும் இல்லை.

உன் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்,
கூடப்பிறக்காத தங்கச்சி,
மேபல்