ரோட்டுக்கு அந்தப் பக்கம்

அக்கா,

ஸ்டேஷனுக்குப் புதுக் கட்டடம் வந்துவிட்டது. வரவேற்பறைச் சுவரில் பழைய படங்களை மாட்டி, இந்த ஸ்டேஷனின் கதையை எழுதி வைக்கப் போகிறார்கள். அதற்காகப் பீரோவைக் குடைந்தபோது நீங்கள் கிடைத்தீர்கள். பழைய ஓட்டுக் கட்டடத்தின் வாசலில், பனியன் கம்பெனிப் பெண்கள் நான்கு பேர் நடுவில், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிக்கிறீர்கள். படத்துக்குக் கீழே இரண்டு வரி எழுதச் சொல்லி என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். காலையிலிருந்து ஒரு வரியும் வரவில்லை.

அப்போது நீங்கள் ஏட்டு, நான் புதிதாகச் சேர்ந்த போலீஸ். ஷிப்ட் முடிந்த கையோடு, தலையில் பஞ்சு ஒட்டியபடி பெண்கள் வருவார்கள். இன்ஸ்பெக்டர் ஐயாவிடம் சொல்லப் பயந்து உங்களைத்தான் தேடுவார்கள். பிறகு திருப்பூருக்குக் கமிஷனர் வந்தார். ரோட்டுக்கு இந்தப் பக்கம் மாநகரம், அந்தப் பக்கம் மாவட்டம் என்று பிரித்தார்கள். வருகிறவர்களை "எங்க லிமிட் இல்லீங்க" என்று தள்ளிவிட எங்களுக்கெல்லாம் வசதியாகப் போயிற்று. உங்களுக்கு மட்டும் கோபம் வரும். "லிமிட்டெல்லாம் நாம பேசிக்கறது கண்ணு. முதல்ல எழுதி வாங்கு, அப்பறம் அனுப்பிக்கலாம்" என்பீர்கள்.

நீங்கள் ஓய்வு பெற்றீர்கள், நான் எஸ்.ஐ. ஆனேன். ஒரு மதியம் ராமநாதபுரத்துப் பெண் ஒருத்தியை அழைத்துக்கொண்டு வந்தீர்கள். பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போன அவள் தங்கையை முந்தின நாளிலிருந்து காணவில்லை. உங்களுக்கு டீ சொன்னேன். அவளிடம் வீடு எங்கே என்று கேட்டேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் என்றாள். அவ்வளவுதான், வழக்கமான அந்த வார்த்தை என் வாயிலும் வந்துவிட்டது. மேசைமேல் வயர்லெஸ் மைக் இருந்தது. எல்லா ஸ்டேஷனுக்கும் ஒரு தகவல் கொடுத்திருக்கலாம். என் ஸ்டேஷனில் ஒரு கேஸ் கூடுமே என்றுதான் பார்த்தேன்.

நீங்கள் திட்டவில்லை. "செரிங்க மேடம்" என்றீர்கள். அதுவரை கண்ணு என்று தவிர வேறு எப்படியும் என்னைக் கூப்பிட்டதில்லை. டீயைத் தொடாமல் அவளைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். அந்தப் பக்கத்து ஸ்டேஷனில், தங்கை வேலை பார்த்த கம்பெனி என் ஸ்டேஷன் லிமிட்டில் இருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்களாம். நீங்கள் மறுபடி என்னிடம் வரவில்லை. வண்டி மோதி, பெயர் தெரியாமல் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்த அந்தத் தங்கையை நீங்களே அலைந்து கண்டுபிடித்தபோது, உயிர் போய் ஒரு நாள் ஆகியிருந்தது. அன்றே தகவல் போயிருந்தால் கூடப்பிறந்தவளாவது பக்கத்தில் இருந்திருப்பாள்.

மன்னிப்புக் கேட்க எத்தனையோ முறை போனை எடுத்தேன், அக்கா. வெட்கம் விடவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். யாரிடமும் சொல்ல முடியாமல் இதைத்தான் சுமந்துகொண்டு திரிகிறேன். உடுமலைப்பேட்டையில் உங்கள் வீட்டுக்கு, சாவுச் சேதி கேட்டு உங்களைக் கடைசியாகப் பார்க்க, சேலை கட்டிக்கொண்டு வந்தேன். அந்த ராமநாதபுரத்துப் பெண் உங்கள் காலருகே உட்கார்ந்திருந்தாள். யூனிபார்ம் இல்லாததால் என்னை அடையாளம் தெரியவில்லை. அழுதுகொண்டிருந்த என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவோட வேலை பாத்தவுகளா? எந்த ஸ்டேசன்க்கா?" என்று கேட்டாள்.

ரோட்டுக்கு அந்தப் பக்கத்து ஸ்டேஷன் பெயரைச் சொன்னேன்.