நூற்றுத் தொண்ணூறு கிலோ

ஜூன் 8, ஞாயிறு

எங்கப்பா ஒரு கோழை.

கோபத்தில் எழுதவில்லை. பார்த்ததை எழுதுகிறேன். இன்று காலை கறி வாங்கிக்கொண்டு அப்பாவின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். ஊர்த்தெருவில் மாரியம்மன் கோயில் வேகத்தடை வந்ததும் இன்ஜினை நிறுத்தினார், இறங்கினார், தள்ளினார். நானும் இறங்கி நடந்தேன். பால் சொசைட்டி தாண்டியதும் மறுபடி ஏறினார். நூற்று நாற்பது காலடி. இன்றைக்கு எண்ணினேன்.

அந்த நூற்று நாற்பது காலடிக்குள் எங்கள் தெருக்காரர் யாரும் வண்டி ஓட்டுவதில்லை. போர்டு கிடையாது, சட்டம் கிடையாது, யாரும் அதட்டுவதுகூட இல்லை. ஊர்த்தெருப் பையன்கள் சைலன்சரைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் அலறவிடுகிறார்கள். நாங்கள் மட்டும் தள்ளுகிறோம். மெயின் ரோட்டிலிருந்து எங்கள் தெருவுக்கு வேறு வழியும் இல்லை.

"ஏனுங்கப்பா எறங்கறீங்க?"

"பழகிப் போச்சு சாமி."

பதினெட்டு வருஷப் பழக்கம். எனக்கு வயது இருபத்து மூன்று. திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் பட்டறையில் கம்ப்ரசர் பிட்டர். போன மாதம் லைசென்ஸ் வந்துவிட்டது. வண்டி எடுக்கப்போகிறேன். மொபெட் இல்லை. பெரிய வண்டி.

ஜூன் 11, புதன்

பட்டறையில் என்னோடு வேலை செய்யும் ஷஹ்பாஸிடம் முன்னூற்றைம்பது சிசி வண்டி இருக்கிறது. வேலை முடிந்ததும் ரிக் லாரி நிறுத்தும் காலி மைதானத்தில் ஓட்டக் கொடுத்தான். இரண்டு சுற்று நன்றாகப் போனேன். மூன்றாவதில் திருப்பும்போது நின்றுபோய்ச் சாய்ந்தது. பிடிக்க முடியவில்லை. சாய ஆரம்பித்தால் மனுசன் பலமெல்லாம் சும்மா.

தூக்க இரண்டு பேர் தேவைப்பட்டது.

"மொத வண்டிக்கு இருநூத்தம்பது சிசி போதும் மாப்ள. லேசு. நீ தப்புப் பண்ணாலும் மன்னிச்சுரும். இது மன்னிக்காது."

"பயமுறுத்தாத."

"பயமுறுத்தல. இன்டிகேட்டருக்குக் காசு குடு."

கம்ப்ரசரில் ஐந்நூறு கிலோ பாகத்தைச் செயின் பிளாக்கில் கட்டி நூல் பிசகாமல் இறக்குகிறேன். ஒரு வண்டியை நிமிர்த்திப் பிடிக்கத் தெரியவில்லை. எரிச்சலாக இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

சேலம். ஷோரூமில் மைதிலி என்ற பெண் வண்டிகளைக் காட்டினார். நல்லவர். விலையைக் கடைசியில்தான் சொன்னார். முதலில் என்னை உட்காரச் சொன்னார். இருநூற்றைம்பதில் சீட் உயரம். பாதத்தின் முன்பாதிதான் தரையில் படுகிறது. ஆனால் இறகு போல. நூற்றைம்பது கிலோதானாம். முன்னூற்றைம்பதில் இரண்டு காலும் முழுசாக ஊன்றுகிறது. ஆனால் நூற்றுத் தொண்ணூறு. ஸ்டாண்டை எடுத்ததும் தொடை நடுங்கியது. அவர் பார்த்துவிட்டார், பார்க்காதது மாதிரி இருந்தார்.

"புதுசா ஓட்டறவங்களுக்கு எது நல்லதுன்னா, நீங்க தெனமும் எந்த ரோட்டுல போறீங்கங்கறதப் பொறுத்துங்க. ஹைவேயா, டவுனா?"

ரெண்டும்தான் என்றேன். நூற்று நாற்பது காலடியைப் பற்றி எப்படிச் சொல்வது? அதற்கு எந்த சிசி நல்லது மேடம் என்றா?

ஜூன் 16, திங்கள்

மைலேஜ் எவ்வளவு என்று இன்று மட்டும் ஏழு பேர் கேட்டார்கள்.

ஜூன் 19, வியாழன்

அப்பா மைலேஜ் கேட்கவில்லை. தீவன மில்லில் மூட்டை ஏற்றிவிட்டு வந்தவர், கைகால் கழுவியதும் கேட்டார்:

"வெயிட்டு எத்தன?"

ஒன்று நூற்றைம்பது, இன்னொன்று நூற்றுத் தொண்ணூறு என்றேன்.

"அப்ப சின்னதே எடு. கோயில்கிட்ட மேடு. தள்ளறதுக்கு லேசா இருக்கோணும்."

தட்டைத் தள்ளி வைத்தேன். கத்திவிட்டேன். தள்ளறதுக்கா வண்டி எடுக்கறேன், நீங்க தள்ளுங்க, சாகற வரைக்கும் தள்ளுங்க— இன்னும் என்னவோ. காலேஜ் போகும் தங்கச்சி இனியா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அப்பா கத்தவில்லை. "ஒருக்கா நானும் ஓட்டிப் பாத்தேன். உனக்கு அப்ப அஞ்சு வயசு. நம்ம தெருவுல ஒரு மாசம் யாரு பாலையும் சொசைட்டில எடுக்கல. எனக்கு மில்லுல லோடு குடுக்கல. ஒருத்தரும் ஒரு வார்த்த பேசல. மாட்டுக்காரங்கெல்லாம் நம்மூட்டு வாசல்ல வந்து நின்னாங்க."

அதற்கு அப்புறம் பழகிப் போச்சு. இதை ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை? கேட்கவில்லை என்பதாலா?

ஜூன் 22, ஞாயிறு

முன்னூற்றைம்பது. முன்பணம் கட்டியாயிற்று.

நேர்மையாக எழுதவேண்டும். புதுசாக ஓட்டுகிறவனுக்கு இருநூற்றைம்பதுதான் சரி. ஷஹ்பாஸ் சொன்னது சரி, மைதிலி சொல்லாமல் சொன்னதும் சரி. கால் தரையில் முழுசாகப் படுகிறது என்று எல்லாரிடமும் காரணம் சொல்கிறேன். அது பாதி உண்மை. மீதி இதுதான்: அந்த மேட்டில் நூற்றுத் தொண்ணூறு கிலோவை ஒரு ஆள் தள்ள முடியாது. தள்ள முடியாத வண்டி எனக்கு வேண்டும்.

அப்படியென்றால் எனக்காக எடுக்கிறேனா, அவர்களுக்காகவா? பிடித்த நிறத்தையாவது நான் தேர்ந்தெடுத்தேன். பச்சை.

ஜூன் 28, சனி

மைதானத்தில் ஒன்றரை மணி நேரம். எட்டு தடவை நின்றுபோனது. கிளட்ச்சை விடும்போது கை அவசரப்படுகிறது.

வேறு எங்கே நின்றாலும் பரவாயில்லை. அங்கே மட்டும் நிற்கக் கூடாது.

ஜூலை 4, வெள்ளி

வண்டி கிடைத்துவிட்டது. சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றச் சொன்னார்கள். ஒன்று நசுங்கியது, ஒன்று உருண்டு ஓடிவிட்டது. மைதிலி சிரித்தார். சேலத்திலிருந்து சங்ககிரி வரை ஷஹ்பாஸ் ஓட்டினான், அங்கிருந்து நான். லாரிகளுக்கு நடுவே அறுபதில் வந்தேன். அந்தக் கால்மணி நேரம் எவன் நினைப்பும் இல்லை. வண்டி, காற்று, நான். இதற்காகத்தானே எடுத்தேன்? இதற்காக மட்டும் எடுத்திருக்கலாம்.

ஜூலை 5, சனி

எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். நேற்று வண்டியைப் பட்டறையில் நிறுத்திவிட்டு பஸ்ஸில்தான் வீட்டுக்கு வந்தேன். இன்றும் பஸ். கோழை என்று யாரை எழுதினேன்?

ஜூலை 7, திங்கள், காலை

டைரி வீட்டில் இருக்கிறது. ஷோரூம் செலான் பின்பக்கத்தில் எழுதுகிறேன். கோயிலுக்கு எதிரே, ரோட்டு நடுவில், வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று சாயங்காலம் ஐந்தரைக்கு ஓட்டி வந்தேன். தைரியமாகத்தான் வந்தேன். மூன்றாவது கியரில் வேகத்தடை ஏறினேன். கியர் குறைக்க மறந்துவிட்டது. ரெண்டு உலுக்கு உலுக்கிவிட்டு நின்றுபோனது. சரியாக வேகத்தடை மேல்.

டீக்கடை முன்னால் நாற்காலி போட்டு நாலு பேர். ரிக் லாரி வைத்திருக்கும் ராசு, பத்தாவது வரை என்னோடு படித்த அன்பழகன், இன்னும் இரண்டு பேர்.

"அட, செல்லமுத்து பையனா!" ராசு எழுந்தேவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களா, இத்தாம் பெரிய வண்டி எடுத்தும் சொல்லாமயே ஆப் பண்றான். வளப்புன்னா இது வளப்பு!"

"தனியாத் தள்ளிருவியா? கை புடிக்கட்டுமா?" என்றான் அன்பழகன். உண்மையாகவே உதவிக்கு வந்தான் என்றுதான் நினைக்கிறேன். அதுதான் தாங்கவில்லை.

நின்றுபோனதை நிறுத்தியதாக நினைத்துவிட்டார்கள். பேசாமல் தள்ளியிருந்தால் விஷயம் முடிந்தது. ஊரே என்னைப் புகழ்ந்திருக்கும்.

"நான் ஆப் பண்ணலீங்க. கியர் தப்பாப் போச்சு," என்றேன். ஸ்டார்ட் பண்ணினேன்.

சிரிப்பு நின்றது. அன்பழகன் கையை நீட்டிச் சாவியைத் திருகி எடுத்துக்கொண்டான். "தள்ளிட்டுப் போ. உங்கப்பன வந்து வாங்கிக்கச் சொல்லு."

ஸ்டாண்டைப் போட்டேன். தள்ளவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

யாரும் அடிக்கவில்லை. அடித்தால் கேஸாகும் என்று தெரியும். இனியா போலீசுக்குப் போன் போட்டாள். வந்தவர், முதலில் வண்டியை ஓரமாகத் தள்ளு, மீதியை அப்புறம் பேசலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாரும் தள்ளத்தான் சொல்கிறார்கள்.

அப்பா மில்லிலிருந்து நேரே வந்தார். தலையில் தவிட்டுத் தூசி. ராசு அவர் எதிரே வந்து நின்றபோது கையைக் கூப்பிவிடுவார் என்று தரையைப் பார்த்துக்கொண்டேன். கூப்பவில்லை. என்ன நடந்தது என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். "நின்னு போச்சா, நீயே நிறுத்துனியா?" நின்று போச்சுங்கப்பா என்றேன். தலையை ஆட்டிவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

இனியா வீட்டிலிருந்த இன்னொரு சாவியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். நான் கை நீட்டினேன்.

"அத உள்ள வை," என்றார் அப்பா. "எடுத்தவங்க குடுக்கட்டும்."

நீங்களா பேசறீங்க என்று வாய் வரை வந்தது. நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.

ராத்திரி எங்கள் தெருவிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். முதலில் அம்மா, அப்புறம் மாடு வைத்திருக்கிறவர்கள். பாலை எடுக்காமல் விட்டுவிடுவார்களே என்று ஒருத்தராவது எங்களைத் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டினார்கள். திட்டிவிட்டு உட்கார்ந்தார்கள்.

இப்போது மணி ஆறேகால். பால் வண்டி வந்து நிற்கிறது. எங்களையும் வண்டியையும் தாண்டிப் போக இடமில்லை. டிரைவர் ஹாரன் அடித்து ஓய்ந்துவிட்டார். ஊர்த்தெருவின் பாலெல்லாம் சொசைட்டி வாசலில் கேன் கேனாக இருக்கிறது. வெயில் ஏறினால் திரிந்துபோகும். எங்களுக்கு நடுவே வந்து வண்டியைத் தொட்டுத் தள்ள அவர்களில் ஒருவரும் வரவில்லை.

ராசுதான் வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"செல்லமுத்து, சித்த ஓரமாத் தள்ளீரு. பாலு போகோணுமல்ல."

அப்பா எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"தள்ள முடியாதுங்க. சாவியக் குடுங்க, என்ற பையன் ஓட்டிட்டுப் போவான்."

ராசு அன்பழகனைப் பார்த்தார். அன்பழகன் பால் வண்டியைப் பார்த்தான். அப்பா இன்னும் கொஞ்சம் சத்தமாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி:

"சாவியக் குடுங்க."