மண்டோருக்குப் பேசிய குரல்

இன்று காலை கோலா சிலாங்கூரில் ஒரு முஸ்லிம் கடையில் ரொட்டி சானாய்க்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். எதிர் வரிசையில் ஒரு கடைவீடு. அதன் மேல்மாடி ஜன்னல்களையெல்லாம் செங்கல் வைத்து அடைத்து, சின்னச் சின்ன ஓட்டைகள் மட்டும் விட்டிருந்தார்கள். உள்ளே ஸ்பீக்கரிலிருந்து கிரிச் கிரிச்சென்று ஓயாத குருவிச் சத்தம். கூட்டை எடுத்து விற்பதற்காக வாலெட் குருவியைக் கூடு கட்ட வரச்சொல்லி, பதிவு செய்த குருவிச் சத்தத்தைக் காலையிலிருந்து இருட்டும்வரை போட்டு விடுகிறார்களே, அதுதான். கூட வந்த கேமராமேன் அடுத்த படத்தின் கதையைப் பற்றி என்னவோ கேட்டுக்கொண்டிருந்தான். நான் கையைத் தூக்கி அவன் பேச்சை நிறுத்தினேன். "என்னண்ணே?" என்றான். "ஒன்னுமில்ல, சாப்பிடு," என்றேன். உனக்கும் இந்தக் குருவிக்கும் இருந்த பகை அவனுக்கு எங்கே தெரியப்போகிறது.

நீ போய் ஆறேழு மாதம் ஆகிறது. இன்னும் ஷூட்டிங்கில் புதிதாக வந்த சவுண்டு பையனை உன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு விடுகிறேன். அவனும் பாவம், திரும்பிப் பார்க்கிறான்.

நான் படம் எடுப்பேன், நீ சத்தம் எடுப்பாய். டிவிக்கு டெலிமூவி, தீபாவளிக்கு ஒரு நாடகம், நடுவில் சிமெண்டு விளம்பரம், இதுதான் நம் பிழைப்பு. உன்னைப் போல ஒரு சிடுமூஞ்சியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. காதில் ஹெட்போன் ஏறிவிட்டால் தயாரிப்பாளர் என்றும் பார்க்கமாட்டாய், கதாநாயகி என்றும் பார்க்கமாட்டாய். "பாக்கிறதுக்கு இத்தனை பேரு இருக்கீங்க. கேக்கிறதுக்கு நான் ஒருத்தன்தான் இருக்கேன். வாயை மூடுங்கலா!" என்று கத்துவாய். காற்றாடியை நிறுத்தச் சொல்வாய், பக்கத்து வீட்டுச் சலவை மிஷினை நிறுத்தச் சொல்வாய். ஒருமுறை ராசா ஊரில் ஒரு பெரியவரின் இருமலையே நிறுத்தச் சொல்லி, அவர் கோபித்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் நீயே ஒரு டின் குளிர்பானம் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தாய்.

அதே ஆள்தான் பொய்ச் சத்தம் செய்வதிலும் மன்னன். ரப்பர் மரத்திலிருந்து பால் கோப்பையில் சொட்டுகிற காட்சி ஒன்று எடுத்தோம். உண்மையில் அது சத்தமே போடாது, இரண்டு பேரும் தோட்டத்தில் பிறந்தவர்கள், நமக்குத் தெரியும். "தெரிஞ்சவனுக்குச் சத்தம் வேணாம். தெரியாதவன் நம்பணுமே," என்று சொல்லி, தேங்காய்ப்பாலை ஒரு தகரத்தில் சொட்டவிட்டுப் பதிவு செய்தாய். மழைக்கு அப்பளம் பொரித்தாய். பொரித்த அப்பளத்தைச் சாப்பிட்டுக்கொண்டே மழைக்காட்சியைக் கோர்த்தோம். ஆனால் மனிதர்கள் பேசுகிற இடத்தில் மட்டும் உன்னிடம் பொய் நடக்காது. டப்பிங் என்றாலே உனக்கு ஆகாது. "வாய் ஒருத்தனுது, குரல் இன்னொருத்தனுதா? அதுக்குப் பொம்மலாட்டம் காட்டலாம்," என்பாய்.

டிவிக்காரர்களோடு உனக்கு ஓயாத சண்டை. யாராவது அழுதால் உடனே வயலின் வேண்டும் அவர்களுக்கு. "அழுவுறவங்களுக்கு எதுக்கு மியூசிக்? மூக்கை உறிஞ்சுற சத்தம் போதும்," என்று நீ வாதாடுவாய். முக்கால்வாசி நேரம் தோற்றுத்தான் போவாய். தோற்ற அன்றைக்கு யாரோடும் பேசாமல் ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருப்பாய்.

அந்த மண்டோர் படத்துக்கு வருகிறேன். ரப்பர் காலத்துக் கதை. கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில், இடிக்காமல் விட்டிருந்த பழைய தொழிலாளர் லயத்தில் எடுத்தோம். தோட்டத்து ஆட்களை மேற்பார்க்கிற மண்டோராக நடித்தவர் நடிகரே இல்லை, சுங்கை சோவில் லோரி ஓட்டுகிற மனிதர். முகம் அப்படியே கதையிலிருந்து இறங்கி வந்த முகம். தோட்டத்தை விட்டு வெளியேறச் சொல்லிக் கடிதம் வந்த அன்றைக்கு, மண்டோர் தன் மனைவியிடம் அதைச் சொல்ல முடியாமல் வேறு எதையெதையோ பேச, அவள் கேட்டுக்கொண்டே இருக்கிற காட்சி. ஒரே காட்சிதான், ஆனால் படமே அதில்தான் நின்றது. மனிதர் அற்புதமாகச் செய்தார். நீயே ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கட்டைவிரலைக் காட்டினாய். நீ யாருக்கு அப்படிக் காட்டியிருக்கிறாய்?

பிறகு எடிட்டிங்கில் உட்கார்ந்தோம். மண்டோர் முகத்திலிருந்து மனைவி முகத்துக்கு வெட்டினால், பின்னால் ஏதோ ஒன்று கிரிச்சென்று பாதியில் அறுந்தது. திரும்ப மண்டோருக்கு வந்தால் கிரிச் வேறு இடத்திலிருந்து தொடங்கியது. நான்தான் முதலில் கேட்டேன், "இது என்ன சத்தம்?" என்று. நீ ஹெட்போனைப் போட்டுக் கேட்டாய். மறுபடி கேட்டாய். உன் முகம் செத்துப்போய்விட்டது. தோட்டத்து எல்லையில் இருந்த வாலெட் வீட்டின் ஸ்பீக்கர், காட்சி முழுக்க. ரப்பர் காலத்துக் கதைக்குள் அது எப்படி வந்தது என்று யாருக்கும் பதில் சொல்ல முடியாது.

கோலாலம்பூரிலிருந்து வந்த ஆட்களெல்லாம் அதை நிஜக் குருவி என்று நினைத்து ரசித்திருக்கிறார்கள். அவர்களை விடு. நீ தோட்டத்திலிருந்து வந்து கோலா சிலாங்கூரில் அந்தச் சத்தத்துக்கு அடியிலேயே குடியிருந்தவன். பள்ளிக்கூடம் போகும்போது அது, தூங்கி எழும்போது அது. உன் காதுக்கு அது சத்தமாகவே படவில்லை. பக்கத்து வீட்டு மிஷினைக் கேட்ட காது, இருமலைக் கேட்ட காது, ஊர்ச் சத்தத்தைக் கேட்காமல் விட்டுவிட்டது. வேறு ஊர்க்காரன் யாராவது ஹெட்போன் போட்டிருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பான். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

வேறு வழியில்லாமல் டப்பிங். லோரிக்காரரை உலு யாமுக்கு வரவழைத்தோம். அங்கே ஒரு கடைவீட்டு மாடியில், சுவரெல்லாம் பழைய மெத்தையைச் சாத்தி நீ அமைத்து வைத்திருந்த அறைதானே நம் ஸ்டூடியோ. லயத்தில் அவ்வளவு இயல்பாகப் பேசிய மனிதர் மைக்குக்கு முன்னால் நின்றதும் பள்ளிக்கூடத்தில் திருக்குறள் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். வேர்த்து ஊற்றியது அவருக்கு. "தம்பி, என்னை விட்டுருங்கப்பா," என்று கும்பிட்டார். அவரைப் படியிறக்கி அனுப்பிவிட்டு வந்தாய். நேராகப் போய் நீயே மைக்குக்கு முன்னால் நின்றாய்.

"என் காது செஞ்ச தப்பு. என் வாயே அபராதம் கட்டட்டும்," என்றாய்.

நான் பதிவு மிஷினை அழுத்தினேன். முதல் தடவை சரியில்லை, இரண்டாவதும் சரியில்லை. பிறகு நீ செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் சம்மணம் போட்டு, மைக்கை இறக்கிவைத்துக்கொண்டு பேசினாய். லோரிக்காரரின் உதட்டில் உன் குரல் போய் அப்படி ஒட்டிக்கொண்டது. முடிந்ததும் நீ என்னிடம் கேட்டது ஒன்றுதான். "யார்கிட்டயும் சொல்லாத. வசந்திகிட்டக்கூட. டப்பிங்கைக் கேவலமாப் பேசினவன் நான்."

உன் மனைவியிடம்கூட நான் சொல்லவில்லை. படம் டிவியில் வந்தது, மண்டோரின் குரலை எல்லாரும் பாராட்டினார்கள். லோரிக்காரருக்கு அதன்பிறகு கோயில் விழாக்களில் பேச அழைப்பு வந்தது, பாவம். நீ அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய்.

பிறகு ஒருநாள் நெஞ்சு வலிக்கிறதென்று கிளினிக்குக்குப் போனவன், திரும்பி வரவில்லை. அதை இங்கே விரித்து எழுத எனக்கு விருப்பமில்லை. நீயும் விரும்பமாட்டாய்.

கருமாதி முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, வசந்தி ராசாவிலுள்ள உங்கள் வீட்டில் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். "அண்ணே, அவர் குரல் எங்கயாவது இருக்கா?" என்றாள். உன் போனை ஆராய்ந்திருக்கிறாள். நீ யாருக்கும் குரல் அனுப்பியதில்லை. எல்லாவற்றுக்கும் ஓக்கே என்று ஒரு வார்த்தை, இல்லாவிட்டால் ஒரு கட்டைவிரல் படம். கல்யாண வீடியோவில் பாட்டைப் போட்டு எல்லாப் பேச்சையும் மூடி வைத்திருக்கிறார்கள். "ஊரு சத்தத்தையெல்லாம் புடிச்சு வெச்சாரு. அவரு சத்தத்தை யாருமே புடிச்சு வைக்கலையே அண்ணே," என்றாள். அழவில்லை. "பசங்க கேக்கிறாங்க. எனக்கே இப்பவே சரியா ஞாபகம் வரமாட்டேங்குது. முகம் வருது, குரல் வரமாட்டேங்குது. அது பயமா இருக்கு."

அன்றைக்கே சொல்லியிருப்பேன். உனக்குக் கொடுத்த வாக்கு வாயைக் கட்டியது. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தேன். போடா, நீ கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள் என்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ராசாவுக்குப் போனேன். மண்டோர் காட்சியை ஓடவிட்டு, "இது அவர் குரல்தான் வசந்தி," என்றேன்.

வசந்தி சிரித்துவிட்டாள். "தெரியும்ணே. டிவியில போட்ட அன்னிக்கே தெரியும். பேசுறதுக்கு முன்னாடி மூக்கால ஒரு மூச்சு இழுப்பாரே, அதை வெச்சுக் கண்டுபிடிச்சிட்டேன்."

"அவன்கிட்ட சொன்னியா?"

"எதுக்கு? பக்கத்துல உக்காந்து, யாருக்கும் தெரியலைன்னு அவ்ளோ சந்தோஷமா பாத்துக்கிட்டு இருந்தாரு. கெடுப்பாங்களா?"

கேட்டுக்கொள். உலகத்தையே ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தாய்.

நான் மறுபடி ஓடவிடப் போனேன். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது அந்த மண்டோரு அவரு பொண்டாட்டிகிட்ட பேசுறது. எங்கிட்ட அவரு இப்படிப் பேசமாட்டாரு." கணினியை மூடிவிட்டு வந்துவிட்டேன்.

வரும் வழியெல்லாம் அதே நினைப்பு. வீட்டுக்கு வந்து அந்த டப்பிங்கில் கழித்துவிட்ட பதிவுகளைத் தேடினேன். படத்தில் சேர்ந்த துண்டை மட்டும்தான் கேட்டிருந்தேன். மிஷின் அன்று பிற்பகல் முழுக்க ஓடியிருக்கிறது. நீ கனைப்பது, வெந்நீர் கேட்பது, என்னைத் திட்டுவது. நான் வெந்நீர் வாங்கக் கீழே இறங்குகிற சத்தம். அதன்பிறகு ஒரு போன் அடிக்கிறது. ஷூட்டிங்கில் யார் போன் அடித்தாலும் ஆளையே வெளியே அனுப்புகிற மகாராஜா, டப்பிங் அறைக்குள் சொந்தப் போனை அணைக்காமல் வைத்திருந்தாய். எடுத்துப் பேசுகிறாய். கேட்டவுடன் எழுந்து நின்றுவிட்டேன்.

மறுநாளே மறுபடி ராசா. வசந்தி சமையல்கட்டில் நின்றிருந்தாள். எதுவும் விளக்காமல் மேசையில் வைத்து ஓடவிட்டேன்.

"ஆங், சொல்லு," என்றது உன் குரல்.

அவள் கை அப்படியே நின்றது. உன் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் பதிவாகியிருந்தது, நடுவில் அவள் பேசிய இடமெல்லாம் வெறும் மௌனம். கடைசிவரை கேட்டாள். "இன்னொரு வாட்டி போடுங்க," என்றாள். போட்டேன். இந்த முறை அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஆங், சொல்லு."

"காஸ் தீந்துபோச்சுங்க," என்றாள் வசந்தி.

"எப்ப?"

"இப்பத்தான். மீன்கறி பாதிக் கொதியில நிக்குது."

"சரி, வரும்போது கடையில சொல்லிட்டு வரேன். நீ காஸ் தோங்கத் தூக்காத, முதுகு புடிச்சுக்கும். நான் வந்து மாட்டுறேன்."

"நீங்க சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேன்லா."

"பொய் சொல்லாதீங்க. நேரத்தோட வாங்க, இன்னிக்குக் கடையில போயி சாப்பிடலாம்."

நீ சிரித்தாய். அவள் சொன்னதற்குத்தான் சிரித்தாய். முந்தின நாள் தனியாகக் கேட்டபோது எதற்குச் சிரிக்கிறாய் என்று எனக்குப் புரியாமல் இருந்தது.

"சரி சரி, வையி," என்றது உன் குரல். அதோடு முடிந்துவிட்டது.

"வைக்கமாட்டேன்," என்றாள் அவள்.

நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். உள்ளே நீளமாக ஓர் அழுகை, நடுநடுவே மூக்கை உறிஞ்சுகிற சத்தம். கொஞ்ச நேரம் கழித்து அவளே தேத்தண்ணி கலக்கிக்கொண்டு வந்தாள். அதை அவள் போனில் ஏற்றித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டாள். "எங்கிட்ட இருந்தா நாள் பூரா பேசிக்கிட்டே உக்காந்திருப்பேன்ணே. பசங்களுக்கு யாரு சோறு ஆக்கிறது? நீங்களே வெச்சிருங்க. பேசணும்னா கூப்பிடுறேன்."

அதிலிருந்து அதை எங்கே போனாலும் கையோடு கொண்டு போகிறேன். இன்னொரு பிரதி எடுத்து வீட்டிலும் பூட்டி வைத்திருக்கிறேன். வேறு யாருக்கும் போட்டுக் காட்டியதில்லை.

சற்று முன்னால் வசந்தி போன் செய்தாள். "அண்ணே, இன்னிக்கு வர முடியுமா?" என்றாள். இங்கே வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு ராசாவுக்குப் புறப்படுகிறேன்.